சோளத்துக்கு நடுவுல பயறு போட்டா விளைச்சல் கூடுமா?

நீங்க கேட்டது இதுதான்: சாயல்குடி பக்கம் மூணு ஏக்கர் மானாவாரி புஞ்சை இருக்கு, அப்பா வருஷா வருஷம் சோளம் மட்டும் போட்டாரு, இப்ப வெளிநாட்டுல இருந்து திரும்பி வந்து நீங்க பாக்கப் போறீங்க, சோளத்துக்கு ஊடால பயறு போட்டா விளைச்சல் டபுள் ஆகும், யூரியாவே வேணாம்னு ஒரு வீடியோல சொல்றாங்களே உண்மையா, எந்தப் பயறு போடலாம். கேள்வி நாலு மாதிரி தெரிஞ்சாலும் உள்ள இருக்கிறது ரெண்டுதான். ஒண்ணு, என் சோளம் கூடுமா? ரெண்டு, உரச்செலவு குறையுமா? ரெண்டுக்குமே பதில் நீங்க எதிர்பார்க்கிற மாதிரி இருக்காது, ஆனாலும் கடைசில போடுங்கன்னுதான் சொல்லப் போறேன், அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

நான் வேளாண்மைல டிப்ளமோ முடிச்சிட்டு இருபத்திரெண்டு வருஷம் திருப்புல்லாணி, கடலாடி பக்கம் விதை, உரம், பயிர் பாக்குறதுன்னு சுத்துனவன், இப்ப ரிட்டயர்டு. ஏர்வாடிக்குப் போற வழியில சொந்தமா நாலு ஏக்கர் மணல் கலந்த செம்மண் இருக்கு, அதுல கம்பும் சோளமும் பயறும் மாத்தி மாத்திப் போட்டுக் கைய சுட்டுக்கிட்டதும் உண்டு. கமுதி, முதுகுளத்தூர் பக்கத்துக் கரிசல்ல நான் பயிர் வெச்சதில்ல, வேலை விஷயமா பாத்ததுதான், அதனால கரிசல் பத்தி நான் சொல்றத உங்க பக்கத்துக் கரிசக்காட்டுக்காரங்க கிட்ட ஒரு தடவை உரசிப் பாத்துக்கோங்க.

முதல்ல விளைச்சல். சோளத்தோட விளைச்சல் கூடாது. சரியா செஞ்சா ஏறக்குறைய அதே அளவு நிக்கும், இல்ல கொஞ்சம் குறையும். பயறு ஒண்ணும் சும்மா நிக்கல, தண்ணி குடிக்குது, சத்து எடுக்குது, இடம் எடுக்குது, அதுக்கு ஒரு விலை உண்டு. கூடுறது மொத்தம். இத அளக்க ஒரு கணக்கு இருக்கு. உதாரணத்துக்கு உங்க ஏக்கர்ல சோளம் மட்டும் போட்டா 600 கிலோ, தட்டைப்பயறு மட்டும் போட்டா 250 கிலோன்னு வைங்க (நம்பர் கணக்குக்குத்தான்). ரெண்டையும் சேத்துப் போட்டப்ப சோளம் 500, பயறு 100 வந்துச்சு. சோளத்துல 500ஐ 600ஆல வகுத்தா 0.83, பயறுல 100ஐ 250ஆல வகுத்தா 0.40, கூட்டுனா 1.23. அதாவது ஒரு ஏக்கர்ல எடுத்தத தனித்தனியா எடுக்கணும்னா 1.23 ஏக்கர் வேணும். இந்த நம்பர் 1க்கு மேல இருந்தா லாபம், கீழ போனா ரெண்டும் ஒண்ணையொண்ணு தின்னுட்டு இருக்குன்னு அர்த்தம். வீடியோக்காரர் டபுள்னு சொன்னாரே, இந்தக் கணக்குல அது 2 வரணும். இந்த மானாவாரில நான் ஒருநாளும் பாக்கல.

ஆனா ஆளுக வருஷக்கணக்கா ஊடுபயிர் போட்டதுக்குக் காரணம் அந்த 1.23 மட்டும் இல்ல. ஹைதராபாத் பக்கம் படான்செருல இக்ரிசாட்னு ஒரு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு, மானாவாரிப் பயிருக்குன்னே உள்ளது, 1970கள்ல இருந்தே சோளம்-துவரை கலப்பப் பத்தி நிறைய வேலை பாத்திருக்காங்க. அங்க ராவ், வில்லின்னு ரெண்டு பேர் 94 சோதனைகளோட கணக்க எடுத்துப் போட்டு 1980ல ஒரு கட்டுரை எழுதுனாங்க. வருமானம் இந்த அளவுக்குக் கீழ போனா குடும்பம் தாங்காதுன்னு ஒரு கோடு கிழிச்சிக்கிட்டு, எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை அந்தக் கோட்டுக்குக் கீழ விழும்னு பாத்திருக்காங்க. துவரை மட்டும் போட்டா அஞ்சு வருஷத்துல ஒரு வருஷம், சோளம் மட்டும் போட்டா எட்டு வருஷத்துல ஒரு வருஷம், ரெண்டும் சேத்துப் போட்டா முப்பத்தாறு வருஷத்துல ஒரு வருஷம். எனக்கு இந்த ஒரு விஷயம்தான் மொத்தத்துலயும் பெருசு. நல்ல வருஷத்துல ஊடுபயிர் உங்கள பணக்காரனாக்காது, கெட்ட வருஷத்துல கடனாளி ஆக்காம வைக்கும். நம்ம மாவட்டத்துல வருஷத்துக்கு சுமாரா 800 மில்லி மழை, அதுல பாதிக்கு மேல ஐப்பசி கார்த்திகைலயே கொட்டிட்டுப் போயிரும், ஒரு வருஷம் தவறும், இன்னொரு வருஷம் மூணு நாள்ல மொத்தத்தையும் ஊத்தும். அப்படிப்பட்ட ஊர்ல விழாம நிக்கிறதுதான் விளைச்சல். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, அந்தக் கணக்கு சோளம்-துவரைக்கு எடுத்தது, நம்ம கடலோர மணல்லயும் முப்பத்தாறுன்னே வரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. திசை அதேதான், நம்பர் வேற.

ரெண்டாவது யூரியா. பயறு வேர்ல முடிச்சு இருக்கும், அதுக்குள்ள ரைசோபியம்னு பாக்டீரியா, அது காத்துல இருக்கிற தழைச்சத்தப் (நைட்ரஜன், யூரியால இருக்கிறதும் அதுதான்) பிடிச்சுச் செடிக்குக் குடுக்கும். இது சத்தியமான உண்மை. ஆனா செடிக்குத்தான் குடுக்கும், பக்கத்துல நிக்கிற சோளத்துக்கு இல்ல. பிடிச்ச தழைச்சத்துல பெரும்பங்கு மணியாப் போய், மணி உங்க சாக்குக்குப் போயிருது. அதே பருவத்துல பயறுல இருந்து சோளத்துக்கு நேரா போறது ரொம்பக் கொஞ்சம். சோளத்துக்கு நடக்கிற நல்லது வேற மாதிரி: மண்ணுல இருக்கிற தழைச்சத்துக்குப் பயறு அதிகமா போட்டிக்கு வராது, தனக்கு வேணுங்கிறத காத்துல எடுத்துக்கும், அதனால இருக்கிறது சோளத்துக்கு மிஞ்சும். வேரும் உதிர்ந்த எலையும் மக்கி அடுத்த வருஷப் பயிருக்குக் கொஞ்சம் கிடைக்கும், அதுவும் நீங்க பயறை வேரோட புடுங்கிட்டுப் போகாம காயை மட்டும் பறிச்சு, இல்ல அடியோட அறுத்து, வேரை மண்ணுலயே விட்டாத்தான். நம்ம ஊர்ல உளுந்த வேரோட புடுங்கி களத்துல போட்டு அடிச்சிட்டு, மண்ணு வளம் ஏறலையேன்னு கேப்பாங்க. முடிச்செல்லாம் களத்துலல்ல கிடக்கு!

அதனால யூரியாவ ஒரேயடியா நிறுத்தாதீங்க. பயறு சால்ல (விதைச்ச வரிசைல) போட வேணாம், போட்டா முடிச்சு வைக்கிறதே குறைஞ்சுரும், வயித்துக்குக் கிடைச்சா எவன் வேலை செய்வான்னு அதுவும் சோம்பேறி ஆயிரும். சோளச் சால் ஓரத்துல மட்டும், மண்ணு ஈரமா இருக்கிற அன்னைக்குப் பாத்துப் போடுங்க. பயறுக்கு வேண்டியது மணிச்சத்து (பாஸ்பரஸ்), சூப்பர் பாஸ்பேட் அடியுரமா போட்டாப் போதும். உங்க பயறு உண்மையிலேயே வேலை செய்யுதான்னு பாக்க ஒரு வழி சொல்றேன், இது நான் ஃபீல்டுல நூறு தடவை செஞ்சது. விதைச்சு முப்பது முப்பத்தஞ்சு நாள்ல, பூ எடுக்கிறதுக்குக் கொஞ்சம் முந்தி, நாலு எடத்துல செடியப் புடுங்காம மம்பட்டியால மண்ணோட தோண்டி எடுங்க, புடுங்குனா முடிச்சு அத்துக்கிட்டு மண்ணுக்குள்ளயே போயிரும். வாளித் தண்ணில மெதுவா அலசுங்க. வேர்ல கடுகு சைஸ்ல இருந்து மிளகு சைஸ் வரைக்கும் உருண்டை தெரியும். நகத்தால ஒண்ணக் கிள்ளிப் பாருங்க. உள்ள ரத்தம் கலந்த மாதிரி ரோஸா இருந்தா வேலை நடக்குது. வெள்ளையாவோ பச்சையாவோ இருந்தா அது வெட்டி முடிச்சு. முடிச்சே இல்லைன்னா ஒண்ணு அந்த மண்ணுல பயறு ரொம்ப நாளா போடல, இல்ல உப்பு.

உப்புன்னு வந்துட்டதால இதத்தான் நான் முதல்ல சொல்லியிருக்கணும். கடலோரத்துல எந்தப் பயறுன்னு கேக்குறதுக்கு முன்னாடி பயறு வருமான்னு கேளுங்க. சோளம் ஓரளவு உப்பு தாங்கும், தட்டைப்பயறு அதுக்குக் கீழ, உளுந்தும் பாசிப்பயறும் ரொம்ப நோஞ்சான். சோளத்துக்கு 6.8 டெசிசைமன் (மண்ணு உப்ப அளக்கிற அலகு) வரைக்கும் விளைச்சல் குறையாது, தட்டைப்பயறுக்கு 4.9, கொத்தவரை 8.8 வரைக்கும் தாங்கும்னு பட்டியல் உண்டு. ஆனா அந்த நம்பர் மண்ணக் கூழாக்கிப் பிழிஞ்சு எடுத்த தண்ணில அளக்கிறது, மண் பரிசோதனை அட்டைல நமக்கு வர்றது மண்ணுல நிறைய தண்ணி ஊத்திக் கரைச்சு அளக்கிறது, அது ரொம்பக் குறைவா காட்டும். ரெண்டையும் நேரா ஒப்பிட்டு "எனக்கு 2 தானே இருக்கு"ன்னு சந்தோஷப்பட்டவங்க நிறைய. இன்னொண்ணு, செடி நல்லா நின்னாலும் முடிச்சு வைக்கிறது அதுக்கு முன்னாடியே உப்புல அடிபட்டுரும், பச்சையா இருக்கேன்னு ஏமாறக் கூடாது.

அட்டை வர்ற வரைக்கும் நீங்களே பாக்கலாம். மாசி பங்குனில நிலத்துல வெள்ளை பூக்குதா, உமரிச் செடி தானா முளைச்சிருக்கா, அப்ப அது உவர். அடுத்து ஒரு கண்ணாடி டம்ளர்ல மழைத்தண்ணி (போர் தண்ணி கூடாது, அதுலயே உப்பு இருக்கும்), அதுல காஞ்ச மண்ணாங்கட்டி ஒண்ண, சுண்டைக்காய் சைஸ், அலுங்காம போடுங்க. கலக்காதீங்க. ஒரு நாள் விட்டுப் பாருங்க. கட்டி உடைஞ்சு கீழ உக்காந்து தண்ணி தெளிவா இருந்தா பயம் இல்ல. கட்டியச் சுத்திப் பால் மாதிரி மேகம் கட்டி அப்படியே நின்னா அது களர் பக்கம் போற மண்ணு, மழை பேஞ்சா சேறு, காஞ்சா சிமெண்ட்டு, அதுல பயறு முளைச்சு வெளிய வர்றதே பெரும்பாடு. அப்படிப்பட்ட நிலத்துல முதல் வருஷம் ஊடுபயிர் யோசிக்காம தக்கைப்பூண்டு விதைச்சு மடக்கி உழுங்க. மணல் நிலத்துல இருக்கிறது வெறும் உவரா இருந்தா ஐப்பசி மழையே பெரும்பாலும் கழுவி இறக்கிரும். ராமநாதபுரத்துலயே வேளாண் பல்கலைக்கழகத்தோட கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கு, மண்ணை எடுத்துக்கிட்டு நேரா போயிக் கேளுங்க, போன்ல கேக்காதீங்க, மண்ணக் கையில பாத்தாத்தான் சொல்றவங்களுக்கும் சொல்ல வரும்.

சரி மண்ணு தேறிருச்சுன்னு வைங்க. சாயல்குடின்னா தேரி மாதிரி செம்மணலும் இருக்கு, கொஞ்சம் வடக்க போனா கரிசலும் இருக்கு, உங்களோடது எதுன்னு நீங்க சொல்லல. வரப்புல பனை வரிசையா நின்னு, கையில எடுத்தா மண்ணு ஒட்டாம உதிர்ந்தா மணல், அதுக்குச் சோளத்தவிட கம்பு நல்லது, கூட தட்டைப்பயறு. கரிசல்னா சோளம், கூட உளுந்து இல்ல பாசிப்பயறு, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்துச் சோள ரகமும் வம்பன் உளுந்து ரகமும் நம்ம மானாவாரிக்குப் பழகுனது. விரிவாக்க மையத்துல எந்த ரகம் இருக்கோ அதுல குறைஞ்ச நாள் ரகமா கேளுங்க, உளுந்துல 65லிருந்து 75 நாள்.

துவரைய ஏன் சொல்லலைன்னு கேப்பீங்க, இக்ரிசாட் கணக்கே அதுலதானே இருக்கு. காரணம் இருக்கு. சோளம்-துவரை நல்லா ஒத்துப்போறதே காலம் வேற வேறங்கிறதாலதான். சோளம் நூறு நாள்ல முடிஞ்சுரும், துவரை அதுவரைக்கும் குட்டையா அடக்கமா நின்னு, சோளம் போனதுக்கப்புறம் ஆழத்துல இருக்கிற ஈரத்தக் குடிச்சு எழுந்திரிக்கும். அப்ப ஆழத்துல ஈரம் இருக்கணும். கரிசல்ல இருக்கும், மணல்ல தை பொறந்தா தம்ளர் ஈரம் கூட நிக்காது. அதுபோக நான் பட்ட பாடு ஒண்ணு. ஒரு வருஷம் ஆறு சால் சோளத்துக்கு ஒரு சால் துவரை போட்டேன், சோளத்த அறுத்து முடிச்சாச்சு, துவரை இடுப்புயரம், பூவும் பிஞ்சுமா அப்படி ஒரு அழகு. பொங்கல் முடிஞ்சா நம்ம ஊர்ல காடு பொதுக்காடு மாதிரி, அறுத்த கொல்லைல யார் ஆடும் மேயலாம்கிறது வழக்கம், மேற்க இருந்து கீதாரிங்க செம்மறியோட வந்து கிடை போடுற நேரமும் அதுதான். ஊரே வெட்டவெளி, நடுவுல என் கொல்லை மட்டும் பச்சை. ஒரு நாள் ராத்திரி வீட்டுல படுத்திருந்தேன், காலைல போய்ப் பாத்தா குச்சி மட்டும் நிக்குது, கீழ புழுக்கை. யாரைக் கோவிக்க? வேலி போடாதது நான்தான், ஊர் வழக்கம் தெரிஞ்சும் தனியா நின்னதும் நான்தான். (அந்தப் புழுக்கைல அடுத்த வருஷம் கம்பு நல்லா வந்துச்சுன்னு வீட்டுல இன்னமும் சொல்லிச் சிரிக்கிறாங்க.) அதனால கடலோரத்துல பொங்கலுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்து சேர்ற பயறாப் போடுங்க. துவரைதான் வேணும்னா பக்கத்துக் கொல்லைக்காரங்க நாலு பேரும் சேந்து போடணும், இல்ல வேலி போடணும்.

கொள்ளு, தெக்க காணம்னு சொல்லுவாங்க, அது ஒரு தனி ரகம். அத சோளத்தோட சேத்து விதைக்காம கார்த்திகைல, சோளம் கதிர் வாங்குற நேரத்துல சால் இடைல தூவி லேசா கொத்தி விட்டா பனியிலேயே வளந்துரும். செலவு கம்மி. இதுக்கும் ஆட்டு பயம் உண்டு, ஆனா போனாப் போகுதுன்னு விடுற அளவுக்குத்தான் முதலும்.

போடுற முறைக்கு வருவோம். நம்மாளுக பழைய வழக்கம் விதையக் கலந்து வீசுறது. வீசாதீங்க. களை எடுக்க வர்ற பொம்பளைங்களுக்கு எது பயிரு எது களைன்னு தெரியாம, உளுந்து பாதி கூடைக்குப் போயிரும். சால்ல போடுங்க. தனிச் சோளத்துக்கு சாலுக்குச் சால் 45 சென்டிமீட்டர்னு வைப்போம். இதையே ரெண்டு ரெண்டு சாலா நெருக்கி, ஜோடிக்குள்ள 30, ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவுல 60ன்னு மாத்துங்க. 30ம் 60ம் சேந்தா 90, அதுக்குள்ள ரெண்டு சோளச் சால், ஆக முன்னாடி இருந்த அதே எண்ணிக்கைச் சோளம் தான், ஒண்ணும் குறையல. கிடைச்ச அந்த 60ல நடுவுல ஒரு சால் பயறு. இதுதான் சூட்சுமமே. சோளத்தக் குறைக்காம பயறுக்கு எடம் பிடிக்கிறது. இந்த முறைல விதை ஏக்கருக்குச் சோளம் 6 கிலோ, கம்புன்னா 2 கிலோ, பயறு 4 கிலோ போதும், பயறு தனியாப் போட்டா 8 கிலோ ஆகும், இங்க பாதி.

இது பேப்பர்ல. டிராக்டர்ல எப்படின்னு கேட்டா, ஊர்ல வாடகைக்கு வர்ற ஒம்பது கொழுக் கலப்பைல கொழுவுக்குக் கொழு ஏறக்குறைய ஒம்பது அங்குலம், அதாவது 22 சென்டிமீட்டர் சொச்சம். 30க்கும் 60க்கும் மாத்தி வெக்க ஓட்டுற தம்பிக்கு நேரம் இருக்காது, அடுத்த கொல்லைல ஆள் காத்துக்கிட்டு இருப்பான். அதனால ஒண்ணு விட்டு ஒண்ணு கொழுவக் கழட்டச் சொல்லுங்க, அஞ்சு சால் 45ல விழும். சோளம், பயறு, சோளம், பயறு, சோளம்னு பின்னாடியே நடந்து போட்டுட்டு வந்தா, அடுத்த சுத்து சேர்ற எடத்துல ரெண்டு சோளச் சால் பக்கத்துல பக்கத்துல விழும். அசிங்கமா இருக்கும், ஆனா பயிருக்குக் கணக்கு தெரியாது. இதுல அஞ்சு சால்ல மூணுதான் சோளம், அதனால சோளம் நல்லாவே குறையுது, பயறு கூடுது, அத ஏத்துக்கிட்டுத்தான் செய்யணும். விதைப்புக் கருவி கிடைச்சு அதோட பெட்டில தடுப்பு வெச்சிருந்தா ரெண்டு விதையையும் ஒரே ஓட்டுல போட்டுறலாம்.

பட்டம் பத்தி ஒரு விஷயம். சோளத்த நம்ம பக்கம் புரட்டாசில புழுதில விதைச்சிட்டு மழைக்குக் காத்திருக்கிறது வழக்கம், சோளம் தாங்கும். பயறைப் புழுதில போடாதீங்க, ரெண்டையும் ஒரே ஓட்டுல போடுறது ஈர மண்ணுல விதைக்கிறப்ப மட்டும்தான். ஒரு சின்ன மழைக்கு முளைச்சு அடுத்த பத்து நாள் வெயில்ல கருகிரும், விதைல தடவுன ரைசோபியமும் சூட்டுல செத்துரும். பயறு சாலுக்கு எடத்த மட்டும் விட்டு வெச்சு, நல்ல மழை ஒண்ணு விழுந்து மண்ணு ஒரு சாண் நனைஞ்ச மறுநாள் களைக்கொத்தால கீறிக்கிட்டே போடுங்க. இன்னொரு லாபமும் உண்டு, புரட்டாசி நடுவுலயே பயறு முளைச்சா எழுபது நாள் கழிச்சுக் காய் முத்துற நேரம் கார்த்திகை அடைமழைல மாட்டும், செடியிலயே முளைச்சுரும், உளுந்துக்கு அதுதான் எமன். ஐப்பசி தொடக்கத்துல போட்டா மார்கழில பறிக்கலாம். தட்டைப்பயறுல இந்த பயம் கம்மி, காய வாரத்துக்கு ஒரு தடவை பறிச்சுக்கலாம், மழை பிடிச்சா பச்சைக்காயா கீழக்கரை சந்தைக்கு அனுப்பிரலாம்.

ரைசோபியம் பாக்கெட் 200 கிராம் ஒண்ணு, ஏக்கர் விதைக்குத் தாராளம். சோறு வடிச்ச கஞ்சி நல்லா ஆறினப்புறம் அதுல கலந்து விதையோட புரட்டி, நிழல்ல உலத்தி அன்னைக்கே விதைங்க. பூஞ்சாண மருந்து தடவுன விதையோட இதக் கலக்காதீங்க, பாக்டீரியாவும் போயிரும்.

தட்டைப்பயறுல கொடி ரகமும் செடி ரகமும் இருக்கு, இதப் பாக்காம நான் ஒரு வருஷம் வீட்டுல இருந்த நாட்டு விதையவே கம்புக்கு நடுவுல போட்டேன். ஐப்பசி மழைக்கு அது புடிச்ச ஓட்டம் இருக்கே, நாப்பது நாள்ல கம்பு மேல ஏறி, நாலஞ்சு கம்ப ஒண்ணாச் சேத்துக் கட்டி, கார்த்திகைக் காத்துக்கு மொத்தமா சாச்சு விட்டுருச்சு. கம்பும் இல்ல, கீழ கிடந்த பயறும் அழுகிருச்சு. நான் மேல சொன்ன கணக்குல அந்த வருஷம் 1க்கு எங்கயோ கீழ. நேரா நிக்கிற செடி ரகமா கேட்டு வாங்குங்க.

இருபது நாள்ல பயிரக் கலைச்சு விடணும், ஒரு எடத்துல ரெண்டு மூணு சோளம் நின்னா ஒண்ண விட்டு மத்தத எடுங்க, மழை குறைவான வருஷத்துல ஊடுபயிர் தோக்குறது பெரும்பாலும் ஆள் நெரிசலாலதான். கலைச்ச சோள நாத்த மாட்டுக்கோ ஆட்டுக்கோ போட்டுறாதீங்க, இளசுலயும் வாடுன சோளத்துலயும் விஷம் இருக்கும், நின்ன எடத்துலயே மாடு விழுந்த கதை உங்க அப்பாவுக்கே தெரிஞ்சிருக்கும்.

பயறு பூக்கிறப்ப ஒரு தடவை, பதினஞ்சு நாள் கழிச்சு ஒரு தடவை டி.ஏ.பி. உரக் கரைசல் அடிக்கச் சொல்லுவாங்க, அது வீண் செலவு இல்ல, மானாவாரில காய் பிடிக்கிறது கண்ணுக்குத் தெரியும். ஏக்கருக்கு 4 கிலோ, முதல் நாள் ராத்திரியே கொஞ்சம் தண்ணில ஊறப்போட்டு, மறுநாள் மேல தெளிஞ்சத மட்டும் துணில வடிகட்டி 200 லிட்டராக்கி சாயந்தரமா அடிங்க. வடிகட்டாம ஊத்தி நாசில் அடைச்சுக்கிட்டு நின்னவங்க எண்ணிக்கை எனக்குத் தெரியும்.

பூச்சி குறையும்னு வீடியோல சொல்லியிருப்பாங்க. இதுல நான் உறுதியா பேச மாட்டேன். சில பூச்சிக்குக் குறையுது, சிலதுக்கு ஒரு மாத்தமும் இல்ல, உளுந்துல மஞ்சள் தேமல் வெள்ளை ஈயால வர்றது, ஊடால சோளம் நின்னதால அது வராம போனதா என் கண்ணுல பட்டதில்ல. மஞ்சள் அடிச்ச செடியப் பாத்த அன்னைக்கே புடுங்கிருங்க. சோளத்து வேர்ல ஒட்டிக்கிட்டுச் சத்த உறிஞ்சுற சுடுமல்லிக் களைக்குத் தட்டைப்பயறு உதவுங்கிறது கொஞ்சம் நல்ல ஆதாரம் உள்ள விஷயம், பயறு வேர் விடுற கசிவுக்கு அந்த விதை முளைச்சுரும், ஒட்ட சோளம் கிடைக்காம செத்துரும். ஆனா அது ஒரு வருஷத்துல தீர்ற காரியம் இல்ல, விதை மண்ணுல வருஷக்கணக்கா கிடக்கும். மயில் பத்தி யாரும் வீடியோ போட மாட்டாங்க, பயறு முளைச்ச முதல் வாரம் காலையிலயும் சாயந்தரமும் ஆள் நிக்கணும், அவ்வளவுதான்.

உண்மையான செலவு கூலிதான். மெஷின் வெச்சு ஒரே மூச்சா அறுக்க முடியாது, பயறு ஒரு தடவை, சோளம் ஒரு தடவை. நூறு நாள் வேலை நேரத்துல ஆள் கிடைக்கிறது உங்க ஊர்ல எப்படின்னு நீங்களே விசாரிச்சுக்கோங்க. வீட்டுல ரெண்டு பேர் பறிக்க இருந்தா கட்டும், மூணு ஏக்கருக்கும் ஆள் விட்டா பயறுல வர்ற லாபம் கூலில போயிரும். இன்னொண்ணு, அடங்கல்ல (எந்த நிலத்துல என்ன பயிர்னு எழுதுற கிராமக் கணக்கு) வி.ஏ.ஓ. சோளம்னு மட்டும் எழுதிட்டுப் போயிருவார், ரெண்டு பயிரும் இருக்குன்னு சொல்லி எழுத வைங்க, இன்சூரன்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி எந்தப் பயிர் பேர்ல கட்டுறதுன்னும் கேட்டுக்கோங்க. இழப்பு வந்தப்புறம் இதப் பேசி ஜெயிச்ச ஆள நான் பாத்ததில்ல.

அதனால முதல் வருஷம் மூணு ஏக்கர்லயும் எறங்காதீங்க. ஒரு ஏக்கர்ல ஊடுபயிர், மிச்சத்துல அப்பா போட்ட மாதிரியே சோளம், ஒரு ஓரத்துல மட்டும் பத்து சென்ட் தனிப்பயறு. அறுக்கிறப்ப ஒவ்வொண்ணுலயும் நடுவுல, வரப்போரம் இல்லாம, 20 அடிக்கு 22 அடி கயிறு கட்டுங்க, அது ஒரு சென்ட் கணக்கு. அதுக்குள்ள வந்தத மட்டும் தனியாக் காய வெச்சு நிறுத்து நூறால பெருக்குனா ஏக்கர் கணக்கு வந்துரும். சோளத்தட்டையையும் நிறுங்க, மாடு இருக்கிற வீட்டுல அதுவும் காசுதான். அப்புறம் மேல சொன்ன மாதிரி வகுத்துக் கூட்டுங்க. என்ன நம்பர் வருதுன்னு தை மாசம் இதே எடத்துல எழுதுங்க, மண்ணு மணலா கரிசலாங்கிறதையும் மறக்காம சேத்து எழுதுங்க.